என் மகளைக் கேட்டு வந்த நாடு

1

போன வைகாசியில் என் மகளைக் கேட்டு ஒரு நாடு எங்கள் வீட்டுக்கு வந்தது.

நாடு என்றால் ஒரே ஒரு அம்மாள். பெயர் ஹென்னா. பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான பின்லாந்துக் கால்பந்து அணியில் துணைப் பயிற்சியாளர். தம்பெரே நகரத்தில் நாங்கள் இருக்கும் மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்து, காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். என் மனைவி மாலதி கேசரி கிண்டி வைத்திருந்தாள். "இதெல்லாம் எதுக்கு?" என்று காலையிலேயே கேட்டிருந்தேன். "பொண்ணு பாக்க வர்றாங்க, வெறும் காப்பியா குடுக்கறது?" என்றாள்.

எழில் ஈரத் தலையோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். பதினாறு வயது. பாடத் தெரியுமா என்று ஹென்னா கேட்கவில்லை. இடது காலால் அடிக்க வருமா என்று கேட்டார். "வராது" என்றாள் எழில். எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு பதில் சொன்னால் சம்பந்தம் அத்தோடு முடிந்திருக்கும். ஹென்னா தலையை ஆட்டிவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். கேசரியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

விஷயம் இதுதான். ஐரோப்பிய நாடுகளின் இளம் பெண்கள் அணிகள் மோதும் போட்டிக்கு, இலையுதிர் காலத்தில் ஒரு தகுதிச் சுற்று, வசந்தத்தில் ஒன்று. எழிலை நடுக்களத்தில் ஆடவைக்க நினைக்கிறார்கள். ஒரே தடை, அவள் பின்லாந்துக்காரி இல்லை. இங்கேதான் பிறந்தாள், இங்கேதான் பல் முளைத்தது, தூக்கத்தில் உளறுவதுகூட இந்த மொழியில்தான். ஆனால் கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். பிறந்ததிலிருந்து எல்லாவற்றையும் கூட்டினால் இருபது வாரம் இந்தியாவில் இருந்திருப்பாள்.

"பதினெட்டு வருடமாக இருக்கிறீர்களே, ஏன் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை?" என்று ஹென்னா கேட்டார். வேலை அதிகம் என்றேன். பேருந்துப் பணிமனையில் நான் மெக்கானிக். பதினெட்டு வருடமாக ஒரு மதியம்கூட ஒழியாத அளவுக்கு இந்த ஊர்ப் பேருந்துகள் பழுதாகின்றன என்று அவர் நினைத்திருப்பார்.

அவர் கிளம்பும்போது, நாளைக்கு மைதானத்தில் உங்களைச் சந்திக்கிறேன் என்று அவர் மொழியிலேயே சொன்னேன். அவர் முகம் ஒரு நொடி மாறியது. எழில் கையால் கண்ணைப் பொத்திக்கொண்டாள். இந்த மொழியில் 'தபான்' என்றால் சந்திக்கிறேன். 'தபன்' என்றால் கொல்கிறேன். குறில் நெடிலை ஒன்றாம் வகுப்பிலேயே ஒப்பித்த தமிழன் நான், நாளைக்கு உங்களைக் கொல்கிறேன் என்று சொல்லிக் கைகுலுக்கி அந்த அம்மாளை வழியனுப்பினேன்.

2

விண்ணப்பிக்காததற்கு உண்மையான காரணம் என் அப்பா.

அப்பா இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் அங்கேயே பிறந்தவர்தான். இருந்தாலும், நீங்கள் எங்கள் ஆட்கள் இல்லை என்றது அந்தத் தீவு. இந்தியாவும் உடனே வாருங்கள் என்று கையை நீட்டிவிடவில்லை. இரண்டு அரசுகள் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டன. தன் பங்கு குறைய வேண்டும் என்றுதான் இரண்டு பக்கமும் பேசியிருக்கின்றன. அப்பா மனுப் போட்டு, இந்தியப் பாஸ்போர்ட் கைக்கு வர ஒன்பது வருடம் ஆனதாம். கப்பலேறி, ரயிலேறி, குன்னூர்ப் பக்கம் வந்து, அதே தேயிலைச் செடி, அதே கவாத்து வெட்டும் வேலை. அங்கே இருந்தவரை இந்தியாக்காரன். இங்கே வந்து இறங்கியதும் சிலோன்காரன்.

அந்தப் பாஸ்போர்ட்டை அதற்கப்புறம் அவர் எந்தப் பயணத்துக்கும் பயன்படுத்தியதில்லை. காலாவதியாகி எத்தனையோ வருடமாயிற்று. பிளாஸ்டிக் உறை போட்டு அலமாரியில் வைத்திருக்கிறார். நான் பின்லாந்துக்குக் கிளம்பிய அன்று, என் சட்டைப் பைக்குள் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, "வேற எது தொலைஞ்சாலும் பரவாயில்ல, இது மட்டும் கைய விட்டுப் போகக் கூடாது" என்றார். இந்தியச் சட்டப்படி வேறொரு நாட்டுக் குடிமகன் ஆனவன் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தே பதினெட்டு வருடத்தை ஓட்டிவிட்டேன்.

இனி ஓட்ட முடியாது. எழிலையும் சேர்த்து விண்ணப்பம் போட்டேன். மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. என் பிறப்புச் சான்றிதழ் வேண்டுமாம். நான் குன்னூர்த் தோட்டத்துக் குடியிருப்பில் பிறந்தவன், அப்பா சொல்வதுபோல் லயத்தில். பள்ளிக்கூடச் சான்றிதழை வைத்துக்கொண்டே இத்தனை காலம் மனிதனாக நடமாடிவிட்டேன். நான் பிறந்திருக்கிறேன் என்பது பார்த்தாலே தெரியவில்லையா என்று அந்த மொழியில் பணிவாகக் கேட்கத் தெரியாததால், விமான டிக்கெட் போட்டேன். மாலதிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நானும் எழிலும் கிளம்பினோம்.

3

ஆடி மாதம். குன்னூரில் மழை ஒரு வேலையாகவே பெய்துகொண்டிருந்தது.

எழிலுக்கு ஹென்னா மூன்று வாரப் பயிற்சி அட்டவணை கொடுத்திருந்தார். எவ்வளவு தூரம் ஓடினாள் என்பதைத் தினமும் போனில் பதிய வேண்டும். முதல் நாள் காலையில் தோட்டத்துச் சாலையில் ஓடப் போனவள் பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டாள்.

"அப்பா, ரோட்டுல ஒரு மாடு நிக்குது. ரொம்பப் பெருசு. நகர மாட்டேங்குது."

காட்டெருமை. "அது போற வரைக்கும் நாமதான் நிக்கணும்" என்றார் அப்பா. ஓட்டம் தடைப்பட்ட காரணம் என்ற கட்டத்தில் எழில் 'மாடு' என்று பதிந்தாள். ஹென்னாவிடமிருந்து ஒரு கேள்விக்குறி மட்டும் வந்தது.

பின்லாந்து மொழியில் அவன், அவள் கிடையாது. எல்லாருக்கும் ஒரே சொல். நீ, நீங்கள் என்ற வித்தியாசமும் புழக்கத்தில் இல்லாத மாதிரிதான். பிரதமரையும் நீ என்றே கூப்பிடலாம். ஆகவே எழிலின் தமிழில் தாத்தா "வந்துட்டா", பக்கத்து வீட்டுச் செல்வி "போயிட்டான்". நான் திருத்தித் திருத்தி ஓய்ந்தேன். அப்பா மட்டும் ரசித்தார். "இந்த வயசுல என்னையப் பொம்பளப் புள்ளையாக்கிட்டா" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தச் செல்வி தினமும் வேனில் கேத்திக்குப் போய்க் கேரட் பிடுங்கும் வேலை செய்கிறவள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் எட்டிப் பார்ப்பதும் அவள்தான். அவள் மகள் பவித்ராவுக்கும் பதினாறு வயது. ஞாயிற்றுக்கிழமை எழிலைக் கையைப் பிடித்து மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

மைதானம் என்றது மரியாதைக்கு. ஒரு கோல் மேட்டிலும் இன்னொன்று பள்ளத்திலும் இருக்கும். பந்து கோட்டைத் தாண்டினால் தேயிலைக்குள் இறங்கி, அட்டைப்பூச்சியோடுதான் எடுத்துவர வேண்டும். அன்றைக்கு பக்கத்து அருவங்காடு தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் விளையாட வந்திருந்தார்கள். ஆள் குறைந்ததால் எழிலை அவர்கள் பக்கம் சேர்த்துக்கொண்டார்கள். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பவித்ரா பந்தை எழிலின் இரண்டு காலுக்கும் நடுவே தள்ளிவிட்டு, சுற்றிப் போய் எடுத்துக்கொண்டாள். மறுபடியும் அதையே செய்தாள். மூன்றாவது தடவை எழில் சேற்றில் உட்கார்ந்து சிரித்தாள். மைதானத்தில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. பின்லாந்தில் எல்லாவற்றையும் பதிய வேண்டியிருக்கிறது, அதனாலோ என்னவோ.

"நீ ஏன் இந்தியாவுக்கு ஆடலை?" என்று ஆட்டம் முடிந்ததும் பவித்ராவிடம் கேட்டாள்.

"கூப்பிட்டிருக்காங்க. போக முடியல."

அவளையும் ஒரு நாடு கேட்டிருந்தது. மாநிலத் தேர்வில் ஆடியதைப் பார்த்து, பதினேழு வயதுக்கு உட்பட்ட இந்திய அணியின் முகாமுக்கு அழைத்திருந்தார்கள். முகாம் முடிந்தால் வெளிநாட்டில் ஆட்டம், அதனால் பாஸ்போர்ட் இருந்தால்தான் வரலாம். பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பவித்ராவிடம் அது இருக்கிறது. ஆனால் பெயர் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை.

"ஆஸ்பத்திரியில எழுதும்போது பேரு வெக்கலீங்ணா" என்றாள் செல்வி. "அப்பறம் சேத்திக்கலாம்னாங்க. வேலை வேலைன்னு வுட்டுப்போட்டேன். இப்பப் போனா, பதினஞ்சு வருஷத்துக்குள்ள சேத்தியிருக்கோணும், கெடு முடிஞ்சுதுங்கறாங்க."

4

எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. வேறொரு விஷயத்துக்கான என் மனு ஒன்று இன்னும் அங்கே கிடக்கிறது.

இரண்டு குடும்பமும் ஒரே பேருந்தில் போனோம். நான் நாட்டை விட்டு விலகுவதற்கான காகிதத்துக்கு, அவர்கள் நாட்டுக்காக ஆடுவதற்கான காகிதத்துக்கு. வரிசை ஒன்றுதான்.

என் வழக்கை அலுவலர் பொறுமையாக விளக்கினார். முதலில், என் பிறப்பு எந்தப் பதிவேட்டிலும் இல்லை என்று ஒரு சான்று வாங்க வேண்டும். அதைக் காட்டினால்தான் பிறந்ததாகப் பதிய உத்தரவு கேட்க முடியும். அதாவது நான் பிறக்கவில்லை என்பதைச் சந்தேகமில்லாமல் நிரூபித்துவிட்டால், பிறந்துவிடலாம்.

பவித்ராவின் காகிதத்தைப் பார்க்காமலே, "இது ஆகாதுங்க, கெடு முடிஞ்சுபோச்சு" என்று தள்ளி வைத்தார்.

எழில் முன்னால் வந்தாள். "நீ ஏன் படிக்கலை? படிச்சுட்டுச் சொல்லு."

பின்லாந்தில் இது சாதாரணமான, நாகரிகமான கேள்வி. இங்கே அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏனுங்க, யாரு இந்தப் புள்ள?"

"வெளிநாட்டுப் புள்ளைங்க, தெரியாமச் சொல்லிருச்சு" என்று செல்வி பதறினாள். அவர் எங்கள் இரண்டு கோப்புகளையும் எடுத்து, மேசையிலிருந்த அடுக்கின் ஆக அடியில் சொருகினார். அடுத்த வாரம் வரச் சொன்னார்.

அந்த வாரம் முழுக்க நான் பவித்ராவுக்கு மனு எழுதினேன். காலக்கெடுவைத் தளர்த்தக் கோரி, மேலிடத்துக்கு, நான்கு பக்கம். பணிமனையில் விடுப்புக் கேட்டு இரண்டு வரி எழுத அகராதி புரட்டுகிறவன், 'மேற்கண்ட காரணங்களை முன்னிட்டுத் தாங்கள் கருணைகூர்ந்து' என்று எழுதும்போது எனக்கே பெருமையாக இருந்தது. பதினெட்டு வருடம் கழித்து ஒரு மொழியில் நான் முழு ஆளாக இருந்தேன்.

அடுத்த வாரம் போகும்போது பேருந்தில் பவித்ரா எழிலுக்குப் பாடம் நடத்தினாள். "ஒண்ணுமில்ல, எதைப் பேசினாலும் பின்னாடி 'ங்க' போடு. அவ்ளோதான்."

எழில் அலுவலர் முன் போய் நின்றாள். "மன்னிச்சுக்கங்க. நான் தப்பாப் பேசிட்டேங்க. பவித்ராங்க என்னைவிட நல்லா ஆடுவாங்க. அவங்க போகணுங்க. இந்தக் காகிதத்தைப் படிங்கங்க."

அவர் சிரிக்கக் கூடாது என்று ரொம்ப முயற்சி செய்தார். பிறகு அடுக்கின் அடியில் கையை விட்டு இரண்டையும் உருவினார். அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. பவித்ராவின் மனுவை முழுதாகப் படித்துவிட்டு, "மேல அனுப்பறனுங்க. எப்ப வரும்னு எனக்குத் தெரியாது" என்றார். அனுப்பவும் செய்தார். என் விஷயத்துக்கு அப்பாவை அழைத்துவரச் சொன்னார்.

அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். "இவர் உங்க மகன்தானுங்களா?" என்று பெரிய அதிகாரி கேட்டார். "அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார் அப்பா. எழுதிக்கொண்டார்கள். நாற்பத்தாறாவது வயதில் நான் முறைப்படி பிறந்தேன்.

5

திரும்பும்போது பேருந்தில் நானும் அப்பாவும் மட்டும். இன்றைக்கு விட்டால் முடியாது என்று வாயைத் திறந்தேன்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

"பாஸ்போர்ட்டத் திருப்பிக் குடுக்கணும். அதானே?"

"யார் சொன்னா?"

"எழில்தான். வந்த அன்னைக்கே. சோறு தின்னுக்கிட்டு இருந்தேன். 'தாத்தா, நாங்க இந்தியா பாஸ்போர்ட்டக் குடுத்துடுவோம், நீ அழுவியா?'ன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ரசம் ஊத்தச் சொன்னேன்."

மூன்று வாரமாக நான் சரியான நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"வருத்தமா இல்லையாப்பா?"

"இல்லாம இருக்குமா?" என்றார். வண்டி ஒரு வளைவில் திரும்பி மேலே ஏறியது. "எனக்கு இந்தியாக்காரங்க அதக் குடுத்தது, வா வான்னு ஆசைப்பட்டு இல்ல. அங்கிட்டு வேணாம்னு தள்ளுனதால குடுத்தது. என்னைய யாரும் கேட்டு வரலை. நான்தான் கேட்டுக்கிட்டு நின்னேன். அவள வீடு தேடி வந்து கேட்டிருக்காங்க. கேசரியெல்லாம் தின்னாங்களாமே?"

"ரெண்டு தடவ."

"அப்பறம் என்ன. போகட்டும்."

ஜன்னலுக்கு வெளியே மேகம் இறங்கி, ஒரு செடிகூடத் தெரியவில்லை. இறங்கும் வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் அவர் கையைப் பிடித்திருக்கலாம். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை.

6

குடியுரிமை கிடைத்தது. இலையுதிர் சுற்றுக்கான ஆட்டக்காரர் பட்டியலை மூடிய இரண்டாவது நாள் கிடைத்தது. ஹெல்சிங்கியில் இந்தியத் தூதரகத்துக்குப் போய்ப் பாஸ்போர்ட்டை நீட்டினேன். 'ரத்து' என்று முத்திரை குத்தி என்னிடமே திருப்பிக் கொடுத்தார்கள், நினைவுக்கு வைத்துக்கொள்ளலாமாம். அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். "உறை போட்டு வெய்யி" என்றார்.

பவித்ராவின் பெயரைச் சேர்க்கக் கார்த்திகையில் உத்தரவு வந்தது. இந்திய அணி அதற்குள் வெளிநாடு போய் ஆடி, தோற்று, திரும்பியும் வந்துவிட்டது. ஆக, அந்தப் பருவத்தில் இரண்டு நாடுகளின் நடுக்கள ஆட்டக்காரிகள் ஆளுக்கு ஒரு கண்டத்தில் வீட்டில் உட்கார்ந்து, வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார்கள். பவித்ரா சொல்லச் சொல்ல, எழில் எங்கள் மாடிப்படிச் சுவரில் இடது காலால் பந்தை அடித்துப் பழகினாள். கீழ்வீட்டுக்காரர் எழுத்து மூலம் புகார் கொடுத்தார். பெண்கள் இருவரும் தமிழில் என்ன பேசினார்கள் என்று எனக்குப் பாதிதான் புரிந்தது. இடையிடையே 'ங்க' மட்டும் தாராளமாகக் கேட்டது. தையில் பவித்ராவுக்குப் பாஸ்போர்ட் வந்தது. அடுத்த முகாமுக்கு அழைத்தார்கள். இதை எழுதும்போது அங்கேதான் இருக்கிறாள், பட்டியல் இன்னும் வெளியாகவில்லை.

எழில் பங்குனியில் ஆடினாள். வசந்தச் சுற்று பக்கத்து நாடு ஒன்றில் நடந்தது. நானும் மாலதியும் போயிருந்தோம். அப்பா, செல்வியின் போனில் நேரலையாகப் பார்த்தார். அங்கே சாயங்கால நேரம்.

எழுபத்தெட்டாவது நிமிடம்வரை எழில் வெளியே பெஞ்சில் இருந்தாள். பின்லாந்து ஒரு கோல் பின்தங்கியிருந்தது. ஹென்னா அவள் தோளைத் தட்டினார். ஆளை மாற்றும்போது ஒலிபெருக்கியில் பெயரை அறிவிப்பார்கள், முதுகில் எழுதியிருக்கும் குடும்பப் பெயரை. நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தை நிரப்ப நான் அப்பா பெயரைக் கொடுத்திருந்தேன். பின்லாந்துப் பதிவேட்டில் அது பரம்பரைப் பெயராகி எங்கள் எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டது.

"எண் பதினான்கு," என்றார் அறிவிப்பாளர். ஒரு மூச்சு விட்டுத் துணிந்து இறங்கினார். "மு-னி-யாந்தி!"

பன்னிரண்டு நிமிடம் ஆடினாள். பந்து ஆறு தடவை காலில் பட்டது. ஒரு தடவை இடது காலால் அடித்தாள், மைதானத்துக்கு வெளியே போனது. ஒரு பெண்ணை இடித்துத் தள்ளி மஞ்சள் அட்டை வாங்கினாள். பின்லாந்து தோற்றது. எழில் அழுதாள். மற்றப் பெண்கள் அவளைச் சுற்றி நின்று அவர்களும் அழுதார்கள். மாலதி உணவு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, எப்போது உள்ளே போகலாம் என்று என்னை நச்சரித்தாள்.

அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"பாத்தீங்களாப்பா?"

"பாத்தேன். பாதி நேரம் படம் சுத்திக்கிட்டே நின்னுச்சு. தோத்துட்டாங்கல்ல?"

"ஆமா."

"சரி விடு." கொஞ்சம் தயங்கினார். "ஒருத்தன் மைக்குல என் பேரச் சொன்னானே."

"ஆமாப்பா. அவ சட்டையில அதான் எழுதியிருக்கு."

அந்தப் பக்கம் தகரக் கூரையில் மழை விழுவது கேட்டது.

"தோட்டத்து ஆபீஸ் வாசல்ல லிஸ்ட் படிப்பாங்க" என்றார். "பேர் வந்துச்சுன்னா பொட்டியக் கட்டணும். நாங்கெல்லாம் நம்ம பேர் வந்துரக் கூடாதுன்னு நிப்போம். என் பேர அப்படித்தான் படிச்சாங்க. எங்கப்பா பேரையும்." பிறகு என்னைக் கேட்டார். "இவன் கூப்பிட்டது உள்ள வரச் சொல்லித்தானே?"

"ஆமாப்பா. உள்ள வரச் சொல்லித்தான்."

"ம்."

மாலதி என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன என்று ஜாடையில் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன்.

"மறுபடி எப்பக் கூப்பிடுவாங்கன்னு கேட்டுச் சொல்லு" என்றார் அப்பா. "அன்னைக்கு ஒரு நாளு கேரட்டுக்குப் போக வேணாம்னு செல்விகிட்ட முன்னாடியே சொல்லி வெக்கணும்."